கடைக்காட்சி நிலை (தொலைக்காட்சி)

கடைக்காட்சி நிலை என்பது, தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்பனைக் கூடங்களில் வாடிக்கையாளரின் கண்ணைக் கவரும் வகையில் இயங்குவதற்காக உற்பத்தியாளர்கள் அவற்றினுள் அமைத்துள்ள ஒரு தனி இயக்க நிலை ஆகும். டெமோ மோட், ஸ்டோர் மோட், ரீட்டெயில் மோட், ஷாப் மோட் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் வேறுபடும். இதற்கு மாற்றாக, வீடுகளில் பயன்படுத்துவதற்கென உள்ள நிலை வீட்டு நிலை அல்லது ஹோம் மோட் எனப்படுகிறது.

வீட்டில் உள்ள பெட்டி கடைக்காட்சி நிலையில் சிக்கிக்கொண்டால் பலர் அதனைப் பழுது என்று கருதிப் பழுதுபார்ப்பவரை அழைக்கின்றனர். உண்மையில் இது பழுது அன்று. பெட்டி தான் ஒரு கடையில் இருப்பதாகக் கொண்டு, தனக்கு இடப்பட்ட கட்டளைகளைச் சரியாகவே நிறைவேற்றுகிறது. ஆகவே உதிரிப்பாகம் எதனையும் மாற்றாமல், பெட்டியைத் திறக்காமல், பெரும்பாலும் சில நிமிடங்களில் வீட்டிலேயே இதனைச் சரிசெய்ய இயலும்.

அறிகுறிகள்

கடைக்காட்சி நிலையை உறுதியாகக் காட்டும் அறிகுறி, பயனர் செய்யும் மாற்றங்கள் நிலைக்காமல் போவதாகும். படத்தின் ஒளிர்வைக் குறைத்து வைத்தால் சிறிது நேரத்தில் அது தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கடைக்கு வருவோர் பலரும் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பர் என்பதனால், குறிப்பிட்ட இடைவெளிகளில் எல்லா அமைப்புகளையும் முதல் நிலைக்குக் கொண்டுவருமாறு பெட்டிக்கு நிரல் எழுதப்பட்டுள்ளது. வீட்டில் இதுவே பெருந்தொல்லையாக மாறுகிறது.

பிற அறிகுறிகளும் உண்டு. படம் மிகையான ஒளியுடனும் மிகையான நிறச்செறிவுடனும் தெரியும். வெண்மை சற்று நீலம் பாய்ந்திருக்கும். திரையின் ஓரத்திலோ அடியிலோ பெட்டியின் சிறப்புக் கூறுகளை அறிவிக்கும் பட்டை ஒன்று தோன்றி மறையும். நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிறிது நேரம் தொலையியக்கியைத் தொடாமல் இருந்தால், மலர்களும் அருவிகளும் வண்ணப் பறவைகளும் கொண்ட விளம்பரப் படம் ஓடத் தொடங்குவதும் சில மாதிரிகளில் உண்டு. யாரும் பார்க்காதபோது தானாக அணைந்துவிடும் வசதி இயங்காது.

இவ்வாறு ஒரு நிலை ஏற்பட்ட காரணம்

விற்பனைக் கூடமும் வீட்டுக் கூடமும் ஒளியளவில் பெரிதும் வேறுபட்டவை. கடைகளில் கூரை விளக்குகளின் ஒளி பொதுவாகப் பல நூறு லக்சு அளவில் இருக்கும். மாலை நேரத்தில் வீட்டின் கூடத்தில் அது நூறு லக்சை எட்டுவதே அரிது. மேலும், கடைச் சுவரில் பல பெட்டிகள் அடுத்தடுத்து மாட்டப்பட்டு ஒரே படத்தைக் காட்டும்போது, மனிதக் கண் ஒளி மிகுந்ததையும் நீலச் சாயல் உடையதையும் "தெளிவானது" என்று தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. படத்தின் துல்லியம் அங்கு இரண்டாம் இடத்தையே பெறுகிறது. ஒளிபரப்புத் துறையில் வெண்மைக்கு ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலை செந்தரமாகக் கொள்ளப்படுகிறது. கடைக்காட்சி நிலையில் அது வேண்டுமென்றே உயர்த்தப்படுகிறது. திரைப்படத்தில் மஞ்சள் விளக்கொளியில் எடுக்கப்பட்ட காட்சி பகல் வெளிச்சம் போலவும், மனிதர்களின் தோல் நிறம் செயற்கையாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

கதிர்க்குழாய்ப் பெட்டிகளின் காலத்தில் இத்தகைய தனி நிலை வழக்கில் இல்லை. அப்போது பல பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே ஒளிர்வும் வேறுபாடும் உச்சத்தில் வைக்கப்பட்டே வெளிவந்தன. பயனர் தாமாகக் குறைத்தாலன்றி, கடைக்கு உரிய படமே வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. அவ்வகையில் நோக்கினால், முதல் முறை இயக்கும்போது "வீடா, கடையா?" என்று பெட்டி கேட்பது பயனருக்குக் கிடைத்த நன்மையே. தொல்லை அந்தக் கேள்வியால் வருவதில்லை. அதற்குத் தவறான விடை தரப்படும்போது வருகிறது.

ஒழுங்குமுறைகள்

இந்தக் கேள்வி பெட்டிகளில் பரவலாக இடம்பெற்றதில் மின்சேமிப்பு விதிகளுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் எனர்சி இசுட்டார் திட்டத்தின் தொலைக்காட்சிகளுக்கான மூன்றாம் பதிப்பு 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை காத்திருப்பு நிலையில் செலவாகும் மின்சாரத்தையே கணக்கிட்டு வந்த அத்திட்டம், அப்போது முதல் பெட்டி இயங்கும்போது செலவாகும் மின்சாரத்தையும் அளக்கத் தொடங்கியது. எந்த அமைப்பில் வைத்து அளப்பது என்ற கேள்வி எழுந்தபோது வீட்டு நிலையும் கடை நிலையும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 642/2009 ஆம் எண் ஒழுங்குவிதி இன்னும் விரிவானது. முதல் இயக்கத்தின்போது கட்டாயத் தேர்வுப் பட்டி காட்டும் பெட்டிகளில் வீட்டு நிலையே இயல்பான தேர்வாக இருக்கவேண்டும் என்றும், பயனர் வேறு நிலையைத் தேர்ந்தெடுத்தால் அதனை உறுதிப்படுத்துமாறு இரண்டாம் முறை கேட்கவேண்டும் என்றும் அது விதித்தது. "உறுதியாகவா?" என்று பெட்டி மீண்டும் கேட்பதைச் சலிப்போடு கடந்து செல்வோர், அது தம்மைக் காக்கும் பொருட்டு எழுதப்பட்ட விதி என்பதை அறிவதில்லை.

அதே விதியில் சுவையான மற்றொரு கூறும் உண்டு. 2010 ஆகத்து முதல், வீட்டு நிலையின் உச்ச ஒளிர்மை, அப்பெட்டி தரக்கூடிய மிக ஒளிமிக்க நிலையின் உச்ச ஒளிர்மையில் 65 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது அது. சான்றிதழில் நல்ல எண் பெறுவதற்காக வீட்டு நிலையை மிகவும் மங்கலாக அமைத்துவிட்டு, பயனர் சலிப்படைந்து ஒளியைக் கூட்டிக்கொள்ளட்டும் என்று உற்பத்தியாளர் விட்டுவிட இயலும் அல்லவா? அந்த வழியை அடைப்பதே இதன் நோக்கம். இவ்விதிக்கு மாற்றாக 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2019/2021 ஆம் எண் ஒழுங்குவிதி, கடைக்குரிய அமைப்பைத் தனியாக வரையறுக்கிறது.

இவற்றிலிருந்து பயனர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்களில் பெட்டியின் மேல் ஒட்டப்படும் மின்செலவு எண், வீட்டில் இயங்கும் அமைப்பில் அளக்கப்பட்டதாகும். கடைக்காட்சி நிலையில் ஓடும் பெட்டிக்கு அந்த எண் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, மிகையான பின்னொளியால் 60 வாட் கூடுதலாகச் செலவாகிறது என்றும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பெட்டி ஓடுகிறது என்றும் கொண்டால், நாளுக்கு 0.3 அலகு, மாதத்துக்கு 9 அலகு, ஆண்டுக்கு ஏறத்தாழ 110 அலகு மின்சாரம் வீணாகும். பெட்டியின் அளவைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும்.

வீட்டில் சிக்கிக்கொள்ளும் விதம்

பெரும்பாலான நேர்வுகளில் காரணம் முதல் அமைப்பின்போது நிகழும் அவசரமே. மொழி, நாடு, கம்பியில்லா இணைப்பு என்று வரிசையாக வரும் கேள்விகளுக்கு நடுவே இக்கேள்வியும் வந்துபோகிறது. ஆங்கிலத்தில் "ஸ்டோர்" என்னும் சொல்லுக்குக் கடை என்பதோடு சேமித்து வைத்தல் என்ற பொருளும் உண்டு. அலைவரிசைகளைச் சேமிக்கவா என்று பெட்டி கேட்பதாக எண்ணி அதனை அழுத்துவது இயல்பான பிழை. "டெமோ" என்பதைச் செயல்விளக்கம் என்று கொண்டு, பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுத் தரும் என நம்பி அழுத்துவோரும் உளர். தமிழில் பட்டிகள் அமைந்தால் இக்குழப்பம் பெருமளவு குறையும்.

காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைத் தள்ளுபடி விலையில் வாங்கும்போது அது பழைய நிலையிலேயே வீட்டுக்கு வந்து சேர்வது மற்றொரு காரணம். மூன்றாவது, பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொத்தான்களைக் குழந்தைகள் அழுத்தி விளையாடுவது. சில பழைய மாதிரிகளில் ஒரே பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தாலே நிலை மாறிவிடும்.

மின்செருகியைப் பிடுங்கிப் பார்ப்பது ஏன் பயனளிப்பதில்லை?

எந்தக் கருவி முரண்டு பிடித்தாலும் மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பார்ப்பது நம் வழக்கம். செயலி குழம்பி நின்றுவிட்ட நேர்வுகளில் இது நல்ல மருந்தே. ஏனெனில் அந்தக் குழப்பம் மின்சாரம் உள்ளவரை மட்டுமே தரவுகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. கடைக்காட்சி நிலை அவ்வாறன்று. பயனர் தரும் விடை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் ஒரு சிறு குறியாக எழுதப்படுகிறது. பெட்டி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அக்குறியைப் படித்து அதன்படி நடக்கும். ஒரு மாதம் செருகியைப் பிடுங்கி வைத்திருந்தாலும் குறி அப்படியே இருக்கும். அதனை மாற்ற இரண்டு வழிகளே உள்ளன: பட்டியின் வழியாகக் குறியைத் திருத்துவது, அல்லது நினைவகத்தில் உள்ள பயனர் அமைப்புகள் அனைத்தையும் அழித்து, பெட்டியை மீண்டும் முதல் கேள்வியைக் கேட்கச் செய்வது.

ஒத்த தோற்றமுடைய பிற நிலைகள்

சரிசெய்ய முற்படுமுன், உண்மையிலேயே இது கடைக்காட்சி நிலைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. படத்தை மென்மையாக்கும் வசதி போன்ற தனிக்கூறு ஒன்றைத் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் குறுஞ்செயல்விளக்கம் சில பெட்டிகளில் உண்டு. இது வெளியேறும் பொத்தானை அழுத்தியவுடன் நின்றுவிடும். விடுதி நிலை என்பது வேறொன்று. உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஒலியளவுக்கு உச்சவரம்பு இடவும், பட்டிகளைப் பூட்டவும் பயன்படுவது. பழைய விடுதிப் பெட்டிகளை வாங்கியோர் இதனைச் சந்திப்பர். ஒலி ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை, ஆனால் படம் இயல்பாக உள்ளது என்றால் ஐயம் விடுதி நிலையின் மீதே செல்லவேண்டும்.

இன்னோர் எளிய சோதனை: விளம்பரப் படம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறதா, அதனுடன் இணைத்த கருவியிலிருந்து வருகிறதா என்று காண, மற்றொரு உள்ளீட்டுக்கு மாறிப் பார்க்கவேண்டும். கடைக்காரர் செருகி மறந்துவிட்ட நினைவகக் குச்சி ஒன்று பெட்டியின் பின்புறம் இருந்து அதிலுள்ள படம் ஓடுவதும் உண்டு.

வெளியேறும் முறைகள்

முதலில் முயலவேண்டியது பட்டிவழி மாற்றமே. இதில் சேர்த்து வைத்த அலைவரிசைகளோ கடவுச்சொற்களோ பொதுவாக இழக்கப்படுவதில்லை.

அண்மைக் காலச் சாம்சங் பெட்டிகளில் செட்டிங்ஸ் பட்டியில் ஜெனரல் பிரிவுக்குச் சென்று, அதனுள் சிஸ்டம் மேனேஜர், பின்னர் யூசேஜ் மோட் என்ற வரிசையில் செல்லவேண்டும். அங்கு கடவெண் கேட்கப்படும். பயனர் மாற்றியிராவிட்டால் அது 0000 ஆகும். பின்னர் ஹோம் மோட் என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஏறத்தாழ 2010 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அந்நிறுவனத்தின் பல மாதிரிகளில் இதற்கெனப் பட்டியே கிடையாது. பெட்டியிலேயே உள்ள ஒலியளவுப் பொத்தானை ஒரு முறை அழுத்தவேண்டும். ஒலியளவுக் கோடு திரையில் தெரிந்துகொண்டிருக்கும்போதே, பெட்டியில் உள்ள மெனு பொத்தானை ஐந்து முதல் ஏழு வினாடிகள் வரை விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். கோடு மறைந்தபின் அழுத்தினால் வெறும் பட்டி மட்டுமே வரும்; பலரும் தோல்வியுறுவது இங்குதான். தொலையியக்கியில் உள்ள பொத்தான்களால் இது நிகழாது. இவ்வாறு அமைத்ததன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கடையில் ஒரே நிறுவனத்தின் பெட்டிகள் அருகருகே மாட்டப்பட்டிருக்கும். அகச்சிவப்புத் தொலையியக்கியை ஒன்றன்மேல் நீட்டினால் பக்கத்தில் உள்ளவையும் கட்டளையை ஏற்கும். பெட்டியின் பொத்தானோ அந்தப் பெட்டியை மட்டுமே கட்டுப்படுத்தும்.

எல்ஜி நிறுவனத்தின் பழைய மாதிரிகளில் ஆப்ஷன் பட்டியினுள் மோட் செட்டிங் என்ற தலைப்பில் ஹோம் யூஸ், ஸ்டோர் டெமோ என இரண்டும் இருக்கும். புதிய மாதிரிகளில் செட்டிங்ஸ் பட்டியின் ஜெனரல் பிரிவின் கீழ் ஹோம்/ஸ்டோர் மோட் என்று தேடவேண்டும். பிலிப்சு பெட்டிகளில் இதே அமைப்பு லொகேஷன், அதாவது இடம், என்ற பெயரில் ஹோம், ஷாப் எனும் இரு தேர்வுகளுடன் இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

சோனியின் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் டிவைஸ் பிரிஃபரன்சஸ் என்பதனுள் ரீட்டெயில் மோட் செட்டிங்ஸ் உள்ளது. அதில் டெமோ மோட், பிக்சர் ரீசெட் மோட் என இரண்டு தனித்தனி ஆளிகள் உள்ளன. முதலாவதை மட்டும் அணைத்தால் விளம்பரப் படம் நிற்கும். ஆனால் பட அமைப்புகள் அழிவது தொடரும். இரண்டையும் அணைக்கவேண்டும்.

பானசோனிக் பெட்டிகளில் முதல் அமைப்பின்போதே பார்க்கும் சூழல் வீடா கடையா என்று கேட்கப்படும். தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஷிப்பிங் கண்டிஷன் எனப்படும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுத்தான் மாற்றவேண்டியிருக்கும். ரோக்கு மென்பொருளில் இயங்கும் பெட்டிகளிலும் கடைப் பயன்பாட்டுக்கென அமைத்ததை மாற்ற முழு மீட்டமைப்பே வழி. டிசிஎல் நிறுவனத்தின் ரோக்கு பெட்டிகளின் பின்புறம் சிறு துளையினுள் மீட்டமைப்புப் பொத்தான் உள்ளது. பெட்டி இயங்கிக்கொண்டிருக்கையில், நிமிர்த்திய காகிதப் பற்றியின் முனையால் அதனை ஏறத்தாழ 12 வினாடிகள் அழுத்திப் பிடித்தால் மீட்டமைப்பு தொடங்கும்.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டல்

பட்டிவழி இயலாதபோது இதுவே எஞ்சியிருப்பது. இதனால் அலைவரிசை வரிசை, கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல், நிறுவிய செயலிகள், அவற்றின் கணக்கு நுழைவுகள் அனைத்தும் அழியும். ஆகவே தொடங்குமுன் இவற்றைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். மீட்டமைப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்படக்கூடாது. மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில் அதற்குரிய நேரம் பார்த்துச் செய்வது அறிவுடைமை.

மீட்டமைப்பு முடிந்ததும் அதே கேள்வி மீண்டும் வரும். இம்முறை ஒவ்வொரு திரையையும் படித்து விடையளிக்கவேண்டும். மீண்டும் அவசரப்பட்டுத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீட்டமைப்பு பயனளிக்கவில்லை என்று முடிவு செய்வோர் உண்டு.

பராமரிப்புப் பட்டி

பயனர் பட்டிக்கு அப்பால், பழுதுபார்ப்போருக்கென மறைவாக ஒரு பராமரிப்புப் பட்டி பல பெட்டிகளில் உள்ளது. தொலையியக்கியின் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி அதனுள் நுழையலாம் என்றும், அங்கு கடைக்காட்சி நிலையை அணைக்கலாம் என்றும் இணையத்தில் அறிவுரைகள் உலவுகின்றன. இவற்றைப் பின்பற்றாமல் இருப்பதே நல்லது. அப்பட்டியில் திரைப்பலகையின் வகை, வண்ணச் சமன்பாட்டு மதிப்புகள் போன்றவை திறந்த நிலையில் உள்ளன. திரைப்பலகையின் வகையைத் தவறுதலாக மாற்றினால் படம் தலைகீழாகவோ சிதைந்தோ தெரியலாம். சிதைந்த திரையில் பட்டியைப் படித்து மீட்பது அரிது. தொழிற்சாலையில் பெட்டிக்குப் பெட்டி தனித்தனியே அளந்து எழுதப்பட்ட வண்ண மதிப்புகள் அழிந்தால் அவற்றைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பழுதே இல்லாத பெட்டி பழுதாவது இப்படித்தான்.

திரைக்கு ஏற்படும் தேய்மானம்

கடைக்காட்சி நிலையில் பெட்டியைத் தொடர்ந்து ஓட்டுவது மின்செலவோடு முடிவதில்லை. திரவப் படிகத் திரைகளில் பின்னொளி தரும் ஒளியுமிழ் இருமுனையங்கள் உச்ச மின்னோட்டத்தில் இயங்கும்போது மிகுந்த வெப்பம் அடைந்து விரைவில் மங்குகின்றன. மின்மப் பெட்டிகளிலும், கரிம ஒளியுமிழ் இருமுனையத் திரைகளிலும் கேடு வேறு வகையானது. இவற்றில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிறது. மிகுதியாக ஒளிர்ந்தது மிகுதியாகத் தேயும். ஒரே இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் விளம்பரப் பட்டை, அவ்விடத்துப் புள்ளிகளை மட்டும் தேயச் செய்து நிலையான நிழல் ஒன்றை விட்டுச் செல்லக்கூடும். காட்சிக்கு வைத்த பெட்டியை வாங்குவோர், வெண்மை, சாம்பல், சிவப்பு ஆகிய ஒரே நிறத் திரைகளைக் கடையிலேயே ஓடவிட்டுப் பட்டை இருந்த இடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். நிலையை மாற்றினால் பட்டை மறையும். பதிந்துவிட்ட நிழல் மறையாது.

பிற வீட்டுக் கருவிகளில்

கடைக்காட்சி நிலை தொலைக்காட்சிக்கு மட்டும் உரியதன்று. குளிர்பதனப் பெட்டிகளில் இதன் விளைவு நேர்மாறானது. கடையில் கதவைத் திறந்து மூடிக் காட்டும்போது விளக்கு எரியவேண்டும், எண்பலகை ஒளிரவேண்டும், ஆனால் வீணாகக் குளிரூட்டக்கூடாது என்பதனால், அந்நிலையில் அமுக்கி இயங்காது. எல்ஜி, சாம்சங் நிறுவனங்களின் சில மாதிரிகளில் வெப்பநிலை காட்டும் இடத்தில் ஆஃப் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் தோன்றும். விளக்கு எரிந்தும் பால் கெட்டுப்போகிறது என்றால், வளிமம் கசிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பணம் செலவழிக்குமுன் அந்த எழுத்துகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். மாதிரிக்கேற்ப, பலகையின் இரண்டு பொத்தான்களைச் சில வினாடிகள் ஒருசேர அழுத்திப் பிடிப்பதன் மூலம் இந்நிலையிலிருந்து பொதுவாக வெளியேறலாம். எந்த இரண்டு என்பது கருவியுடன் தரப்பட்ட கையேட்டில் இருக்கும்.